பாலால் வைத்த பெயர்

உபதேசியார் கலிஸ்தோவின் மகன் பிறந்ததும் இறந்ததும் ஒரே காலைப்பொழுதில் முடிந்துபோனது. அந்தப் பொழுது முழுக்கக் கலிஸ்தோ கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

மழை பிடித்துவிட்டிருந்தது. சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தாலும் கதிர் பிடிக்க இன்னும் காலம் கிடந்தது. போன அறுவடையின் தானியம் எல்லார் குதிரிலும் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கதேத்தே ஆறு செம்மண் நிறத்தில் கரை தெரியாமல் ஓடியது. அக்கரையில் மிஷன், அதை ஒட்டி ஆஸ்பத்திரி, சாமியாரின் வீடு. இக்கரையில் சிம்பாலே ஊரும் அதன் செங்கல் கோயிலும். ஆறு பெருகினால் சாமியார் வரமாட்டார். அப்போதெல்லாம் ஜெபம் நடத்துவதும் பிரசங்கம் சொல்வதும் கலிஸ்தோவின் பொறுப்பு.

அன்றைக்கு நாடக ஒத்திகையும் இருந்தது. பிறந்த மீட்பரைக் கொல்லத் தேடுகிற ஏரோது ராஜாவாக வருடா வருடம் வேஷம் கட்டுகிறவன் சிக்வாத்து. மற்ற நாட்களில் சைக்கிள் கேரியரில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன்.

"உபதேசியாரே, போன வருஷம் எனக்குத் தலையணை கட்டித் தொப்பை வச்சீங்க. இந்த வருஷமும் வைக்கணுமா? ஊரே மாங்காயை அவிச்சுத் தின்னுக்கிட்டுக் கிடக்கு. நான் மட்டும் தொப்பையோட வந்து நின்னா கல்லெடுத்து அடிப்பாங்க."

"ராஜாவுக்கு எந்தக் காலத்துலடா பஞ்சம் வந்துச்சு? கட்டுடா தலையணையை."

எல்லாரும் சிரித்தார்கள். கலிஸ்தோவும் சிரித்தான். மனைவி எனலேசிக்குப் பிரசவம் கிறிஸ்துமஸ் கழிந்துதான் என்று கணக்கு. காலையில் அவன் கிளம்பும்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். "ராத்திரி சரியாத் தூங்கல" என்று மட்டும் சொன்னாள்.

தேவதூதர் பாட்டில் மூன்றாம் குரல் பாடும் பெண்களின் சுருதி இறங்கி இறங்கிப் போனது. கலிஸ்தோ நிறுத்தினான், மறுபடி ஆரம்பித்தான். மறுபடியும் இறங்கியது. அந்தப் பாட்டு அவனுக்கு உயிர். மீட்பர் பிறந்த செய்தியை முதல்முதலில் காதால் கேட்ட இடையர்களுக்கு எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை. இன்னொரு முறை பாடிக்கொண்டிருந்தபோது வாசலில் பெண்கள் சங்கத்து டொரொத்தேயா அக்கா நிற்பதைப் பார்த்தான். மழையில் தொப்பலாக நனைந்து, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நின்றாள். பாட்டுக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தான். அவளைப் பார்த்துச் சிரித்து, கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினான். அவள் நின்றாள். பாட்டு முடிந்தது. திருப்தியில்லை. மறுபடி முதலிலிருந்து பாட வைத்தான். அப்போதும் அவள் நின்றாள்.

கடைசியில் மூன்றாம் குரல் சரியாக ஏறி நின்றது. சந்தோஷத்தோடு அவள் பக்கம் திரும்பினான்.

"என்னக்கா, உள்ள வந்து நீயும் பாட வேண்டியதுதான?"

"வீட்டுக்கு வாங்க உபதேசியாரே. எனலேசிக்குப் பிள்ளை பொறந்துடுச்சு. ஆம்பிளைப் பிள்ளை. மூச்சுதான் சரியில்ல. தண்ணி ஊத்த உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க பாடிட்டு இருந்தீங்க. சாமி பாட்டு. நடுவுல வந்து எப்படி…"

கலிஸ்தோ ஓடினான். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான்.

வீட்டு முற்றத்தில் நாலைந்து கிழவிகள் நின்றிருந்தார்கள். அவன் மாமியார் நாம்வாலே கதவை மறைத்துக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்த ஊரில் மாமியார் மருமகன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"மாப்பிள்ளைகிட்ட யாராவது சொல்லுங்க. ஆம்பிளைங்க இருக்கிற பக்கமாப் போகட்டும். இது பொம்பளைங்க விஷயம்."

அந்த ஒரு சொல்லே போதும். பிள்ளை இருந்தால் அது வீட்டு விஷயம். போய்விட்டால்தான் பொம்பளைங்க விஷயம். தொப்புள்கொடி காய்ந்து விழுமுன் போகிற பிள்ளைக்கு அங்கே சாவு என்று பெயர் கிடையாது. மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. ஆண்கள் பார்க்கக்கூடாது. கிழவிகள் நாலு பேர் ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போய் ஓடைக்கரை ஈரத்தில் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். எந்த இடம் என்று பெற்றவளுக்கும் சொல்வதில்லை. அழுதால் கர்ப்பப்பை மூடிக்கொள்ளும், அடுத்தது தங்காது என்பார்கள்.

"உசிரோட இருந்தப்ப யாராவது தண்ணி ஊத்தினீங்களா?" என்று கேட்டான் கலிஸ்தோ.

சாகக் கிடக்கிற பிள்ளைக்கு சாமியார் வேண்டாம், உபதேசியார் வேண்டாம், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவன்தான் வருடம் தவறாமல் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். வார்த்தைகளை ஒப்பிக்கவும் வைத்திருந்தான். இந்தக் கிழவிகள் அத்தனை பேருக்கும் அது மனப்பாடம்.

"உபதேசியார் வீட்டுப் பிள்ளை" என்றாள் ஒருத்தி, மெதுவாக. "நீங்க இருக்கும்போது நாங்க எப்படிக் கை வைக்கிறது? இதோ வந்துடுவாரு, இதோ வந்துடுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

அவன் ஆண்கள் இருக்கிற பக்கம் போனான். மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சோளத்தில் புழு விழுந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தொடர்ந்து அதைப் பற்றியே பேசினார்கள்.

மறுநாள் காலை எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் எப்போதும்போலக் கேட்டார்கள்: "எப்படி விடிஞ்சுது உபதேசியாரே?" அவனும் எப்போதும்போலச் சொன்னான்: "நல்லா விடிஞ்சுது. உங்களுக்கு?" அப்படித்தான் சொல்ல வேண்டும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். வரப்பை ஏற்றிக் கட்டும்போது ஈரமண்ணை எங்கே பார்த்தாலும் கை நின்றது. ஓடைப் பக்கம் போகும் பாதையை விட்டுச் சுற்றி நடந்தான். பிறகு வேண்டுமென்றே அந்தப் பாதையிலேயே போய்ப் பார்த்தான். மழை எல்லாவற்றையும் ஒரே மட்டமாக ஆக்கியிருந்தது.

தீட்டுக் கழியும்வரை எனலேசி வெளியே வரக்கூடாது, அவன் உள்ளே போகக்கூடாது. அடுப்படிக் குடிசையில் படுத்துக்கொண்டான். ஒரு மத்தியானம் நாம்வாலே காட்டுக்குப் போனதும் எனலேசி நாணல் தட்டிக்கு அந்தப்புறமிருந்து கூப்பிட்டாள். அவன் போய்த் தட்டியை ஒட்டிக் குந்தினான்.

"கிறிஸ்துமஸுக்கு என்ன பேசப்போறீங்க?" என்றாள்.

"என்ன பேசறது. வழக்கமாப் பேசறதுதான்."

"என்னால கோயிலுக்கு வர முடியாதுல்ல. இங்கயே சொல்லுங்க, கேக்கறேன்."

அவனால் மறுக்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கடவுள் மேல உக்காந்து நம்மளை வேடிக்கை பாத்துட்டு இருக்கல. இறங்கி வந்தாரு. ஒரு பொண்ணு வயித்துல இருந்து, ரத்தமும் அழுகையுமா, நம்மள்ல ஒருத்தராப் பொறந்தாரு. பாவம் ஒண்ணைத் தவிர மத்த எல்லாத்துலயும் நம்மளை மாதிரியே ஆனாரு. அதனால நம்ம கஷ்டத்துல அவருக்குத் தெரியாதது எதுவும் இல்ல."

"எதுவும் இல்லையா?"

"இல்ல."

"நம்ம பையனுக்கு ஆனதும் தெரியுமா?"

அவன் தரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒடித்தான்.

"அவரு பொறந்தப்ப ஆட்டுக்காரங்க ஓடி வந்தாங்க. தூரதேசத்துல இருந்து பெரிய மனுஷங்க தேடிட்டு வந்தாங்க. வானத்துல பாட்டு. நம்ம பையன் பொறந்தப்பவும் பாட்டு கேட்டுச்சு. நீங்க பாடினது. காத்து இந்தப் பக்கமா அடிச்சுது, நல்லாவே கேட்டுச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவரைக் கொல்ல வந்தப்ப அவங்கப்பாவுக்குக் கனவுல வந்து, தூக்கிட்டு ஓடுன்னு சொன்னாங்க. உங்களுக்கு யாரும் வந்து சொல்லலையே."

"சொல்ல வந்தாங்க எனலேசி" என்றான். "வாசல்லயே நின்னாங்க."

அவள் தட்டிக்கு இன்னும் நெருங்கி வந்து கேட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். நெசத்தைச் சொல்லணும்."

"கேளு."

"உங்களைக் கூப்பிட ஆள் போனதும் அம்மா வெந்நீர் எடுக்க வெளிய போயிட்டா, மத்தவங்க முற்றத்துல உங்களை எதிர்பாத்து நின்னாங்க. இவன் மூச்சை இழுத்துக்கிட்டே கிடந்தான். பக்கத்துல தண்ணி இல்ல. என்னால எழுந்திரிக்கவும் முடியல. மாருல கொஞ்சம் பால் கசிஞ்சிருந்துச்சு. அதைத் தொட்டு அவன் நெத்தியில வச்சேன். நீங்க சொல்லிக்கொடுத்த வார்த்தையை ஒண்ணு விடாமச் சொன்னேன். பேரும் வச்சேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பால் போதுமா?"

கலிஸ்தோவுக்குப் பதில் தெரியும். மிஷனில் உபதேசியார் பயிற்சியின்போது இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எச்சில்? செல்லாது. சோளக் கூழ்? செல்லாது. பால்? செல்லாது. தண்ணீர் மட்டுமே. எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கிச் சரியான பதில் சொன்னவன் அவன். மெச்சி, தோளில் தட்டினார்கள்.

"பாலுக்குள்ள தண்ணி இருக்குல்ல?" என்றாள் எனலேசி.

போதும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல் நாக்குவரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை காலம் இந்த ஊருக்கு எது செல்லும், எது செல்லாது என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்த வாய். அது திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்த நேரம் நீண்டுகொண்டே போனது. அதிலேயே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது.

"சரி, போங்க" என்றாள். "அம்மா வர்ற நேரம்."

அவள் எழுந்து உள்பக்கம் போகிற சத்தம் கேட்டது. என்ன பெயர் வைத்தாய் என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தோன்றியது. அப்போது நாம்வாலே விறகுக் கட்டோடு முற்றத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் காலையில் மழை விட்டிருந்தது. ஆறு வடியவில்லை. கோயில் நிறைந்து, ஜன்னல்களிலும் ஆட்கள் தொங்கினார்கள். பெண்கள் சங்கத்தார் ஒரே நிறத் துணி கட்டி வந்திருந்தார்கள். ஊரிலேயே இளைய குழந்தையைத்தான் தீவனத் தொட்டியில் பாலகனாகக் கிடத்துவது வழக்கம். இந்த வருடம் பக்கத்து வீட்டு ரொசாலியாவின் பெண் குழந்தை. அது தொட்டியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. கலிஸ்தோ அந்தப் பக்கம் பார்க்காமல் பீடத்தின் ஓரமாக நின்றான்.

நாடகம் நன்றாகத்தான் போனது. சிக்வாத்து தலையணைத் தொப்பையைத் தடவிக்கொண்டு வந்ததும் கூட்டம் ஊளையிட்டது.

"ஏய் ஏரோது! உன் குதிர்ல எவ்வளவு சோளம் வச்சிருக்கே?" என்று யாரோ கத்தினார்கள்.

"வந்து தின்னு பாரு! உன்னையும் சேத்துத்தான் வெட்டச் சொல்லப்போறேன்!" என்றான் ராஜா.

அடுத்து பெத்லகேம் குழந்தைகளை வெட்டுகிற காட்சி. குழந்தைகள் என்று சோளத்தோகையைக் கட்டிச் செய்த பொம்மைகள். சிப்பாய்கள் மரக்கத்தியோடு பெண்களைத் துரத்த, பெண்கள் பீடத்தைச் சுற்றி ஓட, தோகை நாலாபக்கமும் பறந்தது. வருடா வருடம் ஊர் விழுந்து விழுந்து சிரிப்பது இந்த இடத்தில்தான். தலையணை அவிழ்ந்து சிக்வாத்துவின் காலில் விழுந்தது. அவன் தடுக்கி விழுந்தான். பெண்கள் பொய்யாக மாரடித்து அழுதார்கள். கோயில் முழுக்கச் சிரிப்பு. இந்தக் காட்சியை எழுதியது கலிஸ்தோதான். எங்கே ஆட்கள் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

நாடகம் முடிந்து, அவன் நற்செய்தி வாசித்தான். பிறகு பேச வேண்டிய நேரம். கூட்டம் அமைதியானது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான்.

"வருஷா வருஷம் இங்க நின்னு, கடவுள் இறங்கி வந்தாருன்னு சொல்றேன். பஸ்ஸுல இருந்து விருந்தாளி இறங்கி வந்த மாதிரி சொல்லிட்டு இருந்தேன். எவ்வளவு கீழே இறங்கினாருன்னு எனக்குத் தெரியாது. அந்தத் தரை எவ்வளவு கீழே இருக்குன்னு இப்பத்தான் பாத்தேன்."

சிலர் தலையாட்டினார்கள். இது பிரசங்கத்தின் ஆரம்பம் என்று நினைத்தார்கள்.

"எனக்கு ஒரு மகன் பொறந்தான்" என்றான் கலிஸ்தோ. "செத்துட்டான்."

கோயிலில் ஒரு சத்தம் எழுந்தது. பேச்சில்லை, எல்லாரும் ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம்.

"உபதேசியாரே, வேணாம்" என்றாள் டொரொத்தேயா, முன்வரிசையிலிருந்து.

"நான் இங்க நின்னு பாடிட்டு இருந்தேன். அவன் அங்க செத்தான். ஒரு மேளம் இல்ல. ஒரு பேர் இல்ல. இம்மானுவேல்னு வைக்கறேன். கடவுள் நம்மளோட இருக்காருன்னு அதுக்கு அர்த்தம். இருக்காரான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவரு பொறந்த அன்னிக்கு, அந்த வைக்கோல்லயே மூச்சு நின்னு செத்திருக்கலாம். ஒரு கிழவி துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிருக்கலாம். அதுக்கும் சம்மதிச்சுத்தான் வந்தாருன்னா, என் பையன் கிடக்கிற ஈரத்துலயும் அவரு கிடக்காரு. அதுக்குச் சம்மதிக்கலன்னா, அவரு வரவே இல்ல. சும்மா வந்து பாத்துட்டுப் போனாரு. இதுல எதுன்னு நான்தான் உங்களுக்குச் சொல்லணும். எனக்குத் தெரியல."

பின்னால் ஒரு பெஞ்சு நகர்ந்தது. நாம்வாலே எழுந்து நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக மருமகன் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு திரும்பி வெளியே நடந்தாள். கிழவிகள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனார்கள். தொட்டியில் கிடந்த குழந்தை அழ ஆரம்பித்தது. ரொசாலியா ஓடிவந்து அதை வாரி எடுத்து, அவன் கண் படக்கூடாது என்பதுபோல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

யாரோ தேவதூதர் பாட்டை ஆரம்பித்தார்கள். அது மூன்றாம் குரலோடு சரியாக ஏறி நின்றது.

அன்று சாயங்காலமே எனலேசியின் தாய்மாமன் கச்சாலே வந்தார். அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவர்தான். கலிஸ்தோ வேற்றூரிலிருந்து வாழ வந்த மாப்பிள்ளை. அவர் உட்காரவில்லை.

"பொம்பளைங்க மண்ணைப் போட்டு மூடினதை நீ ஊர்நடுவுல தோண்டிட்டே" என்றார். "படிச்சவன், உபதேசியார்னு பொண்ணு குடுத்தோம். இனி இவ வயித்துல ஒண்ணும் தங்கலன்னா, அது உன் வாயாலன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அழக்கூட விடலையே மாமா."

"நாங்க மட்டும் அழுதோமா?" என்றார் கச்சாலே. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு மூணு போச்சு. நான் வாயைத் திறந்தேனா?" அதற்குமேல் நிற்காமல் போய்விட்டார்.

கலிஸ்தோ நாணல் தட்டியிடம் போனான். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நின்றான்.

"எனலேசி."

"கேள்விப்பட்டேன்" என்றாள் உள்ளேயிருந்து. "இம்மானுவேலாமே."

"உன்னைக் கேக்காம வச்சுட்டேன்."

"நான்தான் ஏற்கெனவே வச்சுட்டேனே. உங்க சட்டத்துக்குச் செல்லாட்டியும் அவனுக்கு அதுதான் பேரு. அவன் காதுல விழுந்த ஒரே பேரு அதுதான்."

"என்ன பேரு?"

அவள் தட்டிக்கு அருகே வந்தாள். பிறகு சொன்னாள். "த்சாலா."

அவர்கள் பேச்சில் அதற்கு, இரு, போகாதே என்று அர்த்தம்.

கலிஸ்தோ தட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். அழுகை வந்தது. சத்தம் வராமல் வாயில் துணியை வைத்து அழுத்தினான். அவள் விலகிப் போகவில்லை. தட்டிக்கு அந்தப்புறம் அவள் மூச்சுவிடுவது அவனுக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது.

ஆறு வடிந்த பிறகு சாமியார் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இப்படிப்பட்ட குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்றார். பால் ஞானஸ்நானம் ஆகாது, ஆனால் கடவுளின் கையை அது கட்டிப்போடாது என்றார். அன்போடுதான் சொன்னார். கலிஸ்தோவுக்கு இந்தப் பதிலும் முன்பே தெரியும். காதுக்குள் போனது, அதற்குக் கீழே இறங்கவில்லை. வேறு உபதேசியாரைப் பாருங்கள் என்றான். "இந்தக் கரையில வேற யாருப்பா இருக்காங்க?" என்றார் சாமியார். அவனே தொடர்ந்தான். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தான். தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிய பாடம் வந்த அன்று மட்டும் டொரொத்தேயாவை நடத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றான்.

அறுவடைக்குப் பிறகுதான் அவனை வீட்டுக்குள் விட்டார்கள். எனலேசிக்கு அடுத்தது தங்கவில்லை. ஊர் ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்த்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஏரோது காட்சி இல்லை. ஏன் என்று சிக்வாத்துகூடக் கேட்கவில்லை. கலிஸ்தோ நற்செய்தி வாசித்தான், புத்தகத்தை மூடினான், போய் உட்கார்ந்துகொண்டான். உடம்பு சரியில்லையோ என்று நினைத்து ஆட்கள் பாட ஆரம்பித்தார்கள்.

எனலேசி கோயிலுக்கு வரவில்லை. அவன் வீடு திரும்பியபோது கோழி அடித்து, சோறு வடித்து வைத்திருந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"பேசினீங்களா?" என்றாள்.

"இல்ல."

அவள் தலையாட்டிவிட்டு, ஒரு கறித்துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்தாள். வெளியே மழை ஆரம்பித்தது. இருவரும் சாப்பிட்டார்கள்.